கோயில் காளையும் ஞாயிற்றுக்கிழமைக் கூறும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை. என் வேலையும் அதற்குத் தோதாகத்தான் அமைந்தது. நான் கால்நடை மருத்துவர். ஆனால் மாட்டுக்கு ஊசி போட்டு எழுப்பி நிறுத்துகிற டாக்டர் வேறு, நான் வேறு. ஒரு ஊரில் ஆடோ மாடோ கோழியோ திடீரென்று செத்து விழுந்தால், அது எதனால் செத்தது, அந்த நோய் எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போகப் பார்க்கிறது என்று துப்புத் துலக்குவது என் பிழைப்பு. நான் ஜீப்பை விட்டு இறங்கும்போது நோயாளி பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும். "செத்தப்பறம் வர டாக்டரம்மா" என்று குடவாசல் பக்கத்தில் எனக்குப் பட்டப்பெயரே உண்டு.

கோபம் எனக்கு நோயின் மேல் வருவதில்லை. கிருமி பாவம், அது பொய் சொல்லத் தெரியாத ஜீவன். வருகிற கோபமெல்லாம் மனுஷர்கள் மேல்தான். "மாடு எப்பலேருந்து தீனி எடுக்கலை?" என்று கேட்டால் "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்பார்கள். இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் நேற்று வரைக்கும் நன்றாக இல்லாத ஒரு மாட்டை நான் இதுவரை பார்த்ததில்லை! வெளியூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டை வீட்டில் பிறந்த ஆடு என்பார்கள். செத்த கோழியை ராவோடு ராவாக வாய்க்காலில் வீசிவிட்டு, கீரி தூக்கிக்கொண்டு போனது என்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பழி நம் வீட்டு வாசலில் வந்து விழுந்துவிடுமோ என்கிற பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்தோடு சண்டை போட்டே எனக்குத் தலைமுடி நரைத்துவிட்டது.

அதனால்தான் அந்த இட்லிக்கடை அக்காவை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். குடவாசலிலிருந்து போகிற வழி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது வைகாசி மாதம். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்க, தண்ணீர் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று ஊர் ஊராகப் பொக்லைன் வைத்துத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பகுதிக் கால்நடை டாக்டர் போன் செய்தார்.

"மேடம், இங்க கோயில் காளை செத்துக் கெடக்குது. மூக்குல ரத்தம் வடியுது. எனக்கு அடைப்பானா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு."

"யாரையும் தொட விடாதீங்க."

"சொல்லிப் பார்த்துட்டேன் மேடம். என்னைத்தான் தள்ளி நிறுத்திட்டாங்க. மஞ்சத்தண்ணி கரைச்சுக் குளிப்பாட்டப் போறாங்க."

அடைப்பான் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டையும் மாட்டையும் நின்ற நிலையில் சாய்த்துவிடுகிற நோய் அது. செத்த உடலின் மூக்கு, வாய் வழியாக உறையாத கறுத்த ரத்தம் கசியும். அந்த ரத்தத்தின் மேல் காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறி மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. ஒரு தலைமுறை கழித்து யாராவது அந்த மண்ணைக் கிளறினால் எழுந்து உட்காரும். ஆட்டு மாட்டிடமிருந்து மனுஷனுக்கும் வரும். எனவே அடைப்பானில் செத்ததை அறுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, கழுவக் கூடாது. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும்.

இதைக் கோயில் காளைக்கு எப்படிச் செய்வது? கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளைக்கு ஊரே வீடு, எந்த வாசலிலும் அது நிற்கலாம், எவர் வயலிலும் வாய் வைக்கலாம். செத்தால் ஒரு பெரிய மனிதருக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் உண்டு. நான் போய் இறங்கியபோது கோயில் திடலில் புங்கமரத்தடியில் காளை வயிறு உப்பிக் கிடந்தது. தப்பு செட்டு வந்து மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தது. டிராக்டர் டிரெய்லருக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் வரிசையாக இருந்தது. நல்லவேளை, கோயில் தர்மகர்த்தா குளித்துவிட்டு வர வேண்டுமென்று காத்திருந்ததால் இன்னும் யாரும் தொடவில்லை.

காதோர நரம்பில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் மட்டும் கண்ணாடித் தகட்டில் எடுத்தேன். பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுண்ணோக்கி இருந்தது. சாயம் போட்டுப் பார்த்தால், மூங்கிலைக் கணுக் கணுவாக நறுக்கி அடுக்கியது போலக் கிருமி வரிசையாகக் கிடந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்த வேண்டியது பாக்கி இருந்தாலும், அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கிருந்த டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, மாத்திரைகளோடு கிராம நர்ஸ் அம்மாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திடலுக்குத் திரும்பினேன்.

தர்மகர்த்தா குளித்து, விபூதி பூசி, புது வேட்டியோடு நின்றார். பெரிய பண்ணை, பிள்ளை சிங்கப்பூரில். மரியாதையான மனிதர்தான். ஆனால் நான் குளிப்பாட்டக் கூடாது, ஊர்வலம் கூடாது, குளத்தங்கரையில் புதைக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மா, நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு எங்க சாமி மாட்டு சங்கதி புரியாதும்மா."

நான் லுத்தரன் குடும்பத்துப் பெண் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். டெல்டாவில் ஒருவர் டீ குடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் தாத்தா ஊர் வரைக்கும் விசாரித்துவிடுவார்கள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"ஐயா, இந்தக் கிருமிக்கு உங்க சாமியும் தெரியாது, எங்க சாமியும் தெரியாது. குளிப்பாட்டுற கையைத்தான் தெரியும். நாளைக்கு இந்தக் கையெல்லாம் புண்ணாகி நின்னா நீங்க பதில் சொல்வீங்களா?"

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. "டாக்டருன்னா என்ன வேணா பேசுறதா" என்று ஒருவர் பாய்ந்து வந்தார். அப்போதுதான் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. சந்தைக்கடையிலும் தனியாகக் கேட்கும், அப்படிக் கணீரென்ற குரல்.

"செத்த நேரம் சும்மா இருங்க எல்லாரும்! அவங்க சொல்றத முழுசாக் கேப்பமே."

காளையிலிருந்து சற்றுத் தள்ளி, கையில் ஒரு தட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். தட்டில் ஆறிப்போன இட்லி. பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறவர், என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருப்பார். அந்தக் காளை கன்றாக இருக்கும்போது கோயிலுக்கு விட்டது அவர்கள் வீட்டிலிருந்துதான். தினமும் விடிந்ததும் அது கடை வாசலில் வந்து நிற்குமாம். முதல் ஈட்டில் வெந்த முதல் இட்லி அதற்கு. அது தின்ற பிறகுதான் வேறு யாருக்கும் இலை போடுவாராம். அன்றைக்குக் காளை வரவில்லை. முதல் ஈட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு தேடி வந்தவர்தான் அதை அந்தக் கோலத்தில் முதலில் பார்த்திருக்கிறார்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் தணிந்து. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து தர்மகர்த்தா முன்னால் நின்றார்.

"எங்க வீட்டுப் புள்ளைங்க அது. குளிப்பாட்ட வேண்டிய கை என் கைதான். நானே தொடலைங்கறேன். அப்பறம் வேற யாரு தொடறதுக்கு இருக்கு?"

பாய்ந்து வந்தவரே இரண்டடி பின்னால் போனார். எனக்கு உள்ளபடியே வியப்பாக இருந்தது. அதிக உரிமை உள்ளவர் முதலில் ஒதுங்கிக்கொண்டால் மற்றவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது! தர்மகர்த்தா மட்டும் தழுதழுத்த குரலில் கேட்டார்: "ஊர்வலம் இல்லாம எப்புடிம்மா அனுப்புறது? அனாதையா அது?"

யோசனை கூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. "ஃபிளெக்ஸ் அடிச்சுடலாங்க. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு எடுத்த போட்டோ எல்லார் போன்லயும் இருக்குல்ல. அதை வச்சு ஊர்வலம் விட்டா என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஆனால் தர்மகர்த்தா சிரிக்கவில்லை, யாருமே சிரிக்கவில்லை. காது குத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃபிளெக்ஸ் இல்லாமல் எதுவும் நடக்காத சீமை இது. "நல்ல பெருசா அடிக்கச் சொல்லுங்கடா" என்று அவரே ஆள் அனுப்பினார்.

தூர் வாருகிற பொக்லைனையே வரவழைத்துத் திடலின் மேட்டுப் பக்கம் குழி தோண்டச் சொல்லிவிட்டு, அந்தப் பகுதி டாக்டரைக் காவலுக்கு நிறுத்தினேன். அடுத்தது என் சொந்த வேலை. காளைக்கு எங்கிருந்து வந்தது? அந்த இடம் தெரியாவிட்டால், நாளைக்கு அங்கே இன்னொரு மாடு மேயும்.

"காளை இந்த ஒரு வாரமா எங்கெங்க போச்சுன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம்! என் பிழைப்பில் இப்படி ஒரு பதிலை நான் வாங்கினதே இல்லை. ஒரு மாட்டின் நடமாட்டத்தை விசாரித்தால் சொந்தக்காரனே தலையைச் சொறிவான். இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் காளையின் நாள் முழுக்கத் தெரிந்திருந்தது. விடிந்ததும் இட்லிக்கடை. அங்கிருந்து தர்மகர்த்தா வீட்டுக் கொல்லையில் கழுநீர். வெயில் ஏறினால் பஸ் நிறுத்தத்து நிழல். "எங்க வாசல்ல வந்து ஒரு சத்தம் குடுக்குங்க, பழத்தோல் போட்டாத்தான் நகரும்" என்று ஒருவர். "இல்லை, நாலு நாளா எங்க வாசலுக்கு வரலை, நான்கூட ஏன்னு யோசிச்சேன்" என்று இன்னொருவர். எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தால், கடைசி சில நாட்களாகச் சாயங்காலம் அது வீடுகளுக்கு வரவில்லை. வாய்க்கால் மேட்டில் நின்றிருக்கிறது. கோடை மழை பெய்து, தூர் வாரிக் கொட்டிய புது மண்ணில் புல் துளிர்விட்டிருந்ததாம்.

போய்ப் பார்த்தேன். துளிர் நன்றாகத்தான் இருந்தது, பார்த்தால் எனக்கே மேயலாம் போலிருந்தது. ஆனால் மண்ணுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக எலும்புத் துண்டுகள். ஒரு பழைய கொம்பின் அடிப்பகுதி. எந்தக் காலத்திலோ கரையில் புதைத்த மாடுகளைப் பொக்லைன் தெரியாமல் தோண்டி மேலே போட்டிருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது, அங்கே என்ன புதைந்திருக்கிறது என்பது உயிரோடு இருக்கிற யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எலும்புக்குப் பக்கத்தில் பழசாகக் காய்ந்த ஆட்டுப் புழுக்கை கிடந்தது.

மாட்டுக்கு முந்தி ஆடு மேய்ந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த ஆடு எங்கே?

திடலுக்குத் திரும்பி வந்து கேட்டேன். "இந்த வாரத்துல ஊர்ல ஆடு ஏதாவது செத்துச்சா?"

"இல்லைங்களே" என்றார்கள்.

"சரி, சாகலை. சுணங்கி நின்ன ஆட்டை அறுத்தீங்களா?"

இங்கேதான் வழக்கமான அமைதி வந்தது. அந்த அமைதியை எனக்கு நன்றாகத் தெரியும். நம் பக்கத்து வழக்கம் அது. ஆடு தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப் போட்டால், செத்து வீணாவதற்கு முன்னால் அறுத்துக் கூறு போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். நல்ல மனசோடு செய்கிற காரியம். நோயில்லாத ஆடாக இருந்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. அடைப்பானாக இருந்தால் அந்த ஒரு ஆடு போதும். கொதித்த குழம்பைவிட, அறுத்த கையும் தோலை உரித்த கையும் குடலைக் கழுவின கையும்தான் எனக்குப் பெரிய பயம். அந்தக் கைகள் யாருடையவை என்று தெரிந்தால் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

"கேளுங்க" என்றேன். "அறுத்தவங்க, கழுவினவங்க கையில முதல்ல ஒரு கொப்புளம் வரும். பூச்சி கடிச்சாப்புல இருக்கும். அப்பறம் நடுவுல கருகிப்போயிடும். வலிக்கவே வலிக்காது. வலிக்கலையேன்னு விட்டுடுவாங்க. அதுதான் ஆபத்து. விட்டா உசுரையே வாங்கிடும். இப்பவே மருந்து சாப்பிட்டா சரியாப்போயிடும். ஆளுக்கு ஆள் ஒட்டாது, பயப்படாதீங்க. யாரையும் போலீசுல புடிச்சுக் குடுக்க நான் வரலை."

நான் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இட்லிக்கடை அக்கா என்னைப் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர். அந்த வேகாத வெயிலில் அவர் முன்கையில் துண்டைச் சுற்றியிருந்தார். அவரும் மனைவியைப் பார்த்தார், பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

அந்தத் தலையாட்டலில் எவ்வளவு இருந்தது என்று எனக்கு அப்போதே புரிந்தது. ஊரின் வயிற்றை நம்பி நடக்கிற கடை அது. இட்லிக்கடைக்காரி கையால் நோய் வந்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். போதாததற்குக் கோயில் காளை வேறு செத்துக் கிடக்கிறது. இரண்டையும் ஊர் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பேசாமல் இருக்குமா? பேசாமல் இருந்துவிட்டால் கடை பிழைக்கும். புருஷனை மட்டும் யாருக்கும் தெரியாமல் கும்பகோணத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

அக்கா கையிலிருந்த இட்லித் தட்டைத் தரையில் வைத்தார். நேராகப் போய்ப் புருஷன் கையிலிருந்த துண்டை உருவினார்.

"டாக்டரம்மா, இதைப் பாருங்க."

முன்கையில் கறுத்த புண். சுற்றிலும் வீங்கியிருந்தது. "ஏய், வாய மூடு" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். அக்கா மூடவில்லை. ஊர்ப் பக்கம் திரும்பி நின்றார். அந்தக் கணீர்க் குரல் இப்போது நடுங்கியது.

"ஞாயித்துக்கெழமை எங்க ஆடு மேயாம சுணங்கி நின்னுச்சு. இவருதான் அறுத்தாரு. நான்தான் கூறு போட்டேன். என் கையால தான் உங்க வீட்டுக்கெல்லாம் குடுத்தேன். தெரியாமப் பண்ணிட்டோம். வாங்கினவங்க எல்லாரும் வந்து கையைக் காட்டுங்க. என்னைத் திட்டறதை அப்பறம் திட்டிக்கலாம், மொதல்ல கையைக் காட்டுங்க!"

என்ன சொல்ல! இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி உண்மையைத் தானாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்ததில்லை. அதுவும் தன் கடையை, தன் மானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அதை வெயிலின் மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டேன்.

ஊர் உடனே ஒன்றும் கும்பிடவில்லை. "பாவி, சாமி மாட்டையே கொன்னுட்டியேடி" என்று ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றினார். ஆடு காளைக்கு நோயைக் கொடுக்கவில்லை, இரண்டுக்குமே அந்த மண்தான் கொடுத்தது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது! அக்கா அங்கே நிற்கவே இல்லை. கிராம நர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். எந்தெந்த வீட்டுக்குக் கூறு போயிற்று என்பது அவருக்குத்தானே தெரியும். ஒரு வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். வாசலிலேயே நின்று கதவைத் தட்டித் தட்டிக் கத்தினார்: "மாத்திரையை முழுங்கிட்டு வாய் நோகத் திட்டுடி! முழுங்காம திட்டாத!"

கதவு திறந்தது. எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. அக்காவின் பக்கத்து வீட்டில், ஆட்டுக் குடலைக் கழுவிக் கொடுத்த பெண்ணுக்கு விரல் இடுக்கில் கொப்புளமும் காய்ச்சலும் இருந்தன. கொசு கடித்தது என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டு படுத்திருந்தாள். அவளையும் அக்காவின் வீட்டுக்காரரையும் ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். அக்காவும் கூடவே ஏறிக்கொண்டார்.

காளையைக் குழியில் இறக்கிச் சுண்ணாம்பு கொட்டி மூடியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஃபிளெக்ஸும் வந்து சேர்ந்தது. அம்மாடி, என்ன பெரிய ஃபிளெக்ஸ்! கொம்புக்குப் பச்சையும் சிவப்பும் பூசி, கழுத்தில் மாலையோடு காளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே ஊர்ப் பையன்கள் எல்லோருடைய படமும் வட்ட வட்டமாக. "உன்னை இழந்து வாடும் ஊர்ப் பொதுமக்கள்." அதை டிராக்டரில் நிறுத்தி, தப்பு அடித்து, வெடி போட்டு, எல்லாத் தெருவும் சுற்றினார்கள். ஒவ்வொரு வாசலிலும் டிராக்டர் நின்றது, பெண்கள் சூடம் காட்டினார்கள். காலையில் சிரிப்பை அடக்கின நானும் பின்னாலேயே நடந்தேன். பூட்டியிருந்த இட்லிக்கடை வாசல் வந்தது. காளை உயிரோடு இருந்த நாளெல்லாம் முதலில் நின்ற வாசல். டிராக்டர் அங்கே மட்டும் நிற்காமல் போனது.

அதன் பிறகு ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆடு மாடு அத்தனைக்கும் தடுப்பூசி போட்டோம். வாய்க்கால் மேட்டுக்கு மேல் சுண்ணாம்பு போட்டு, நல்ல மண் கொட்டி, முள்வேலி அடைத்தார்கள். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்தது. வேறு எந்த உயிரும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு பேரும் பிழைத்து வந்தார்கள். என் கணக்கில் இது முழு வெற்றி. இப்படி ஒரு வெற்றி எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஆனால் தடுப்பூசிக்காக ஒவ்வொரு முறை போனபோதும் நான் இட்லிக்கடையைப் பார்த்தேன். அடுப்பு எரியும், ஆவி பறக்கும், பெஞ்சு காலியாக இருக்கும். ஊர்க்காரர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே பஸ் ஏறிப் போவார்கள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி, "அக்கா, இன்னும் ரெண்டு வைங்க! சட்னி ஊத்துங்க!" என்று சத்தம் போட்டுச் சாப்பிட்டேன்.

அவர் சிரித்தார். "நீங்க சாப்புட்டா ஊர் சாப்புட்டுடுமா, டாக்டரம்மா? விடுங்க. எல்லாரும் உசுரோட போறாங்க வராங்கல்ல, அதைப் பார்த்துக்கிட்டே மாவு அரைப்பேன்."

"சொல்லாமலே இருந்திருக்கலாம்னு தோணலையா?"

"தோணும். ராத்திரியில தோணும். காலையில பக்கத்து வீட்டுக்காரி கோலம் போடறதைப் பார்த்தா தோணாது."

நான் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். வழி முழுக்க யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் டிரைவர் மேல் எரிந்து விழுந்தேன்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் தர்மகர்த்தா போன் செய்தார். "வேதக்காரங்களும் வரலாம்மா, கட்டாயம் வாங்க" என்றார். கிண்டலோடு சொன்னாலும் குரலில் வாஞ்சை இருந்தது. விடியற்காலையில் போனேன். கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. மாட்டுப் பொங்கல் அன்று ஊர் மாடுகளுக்கு முன்னால் நடக்கக் கோயில் காளை வேண்டும். புதுக் கன்றைத் தங்கள் வீட்டிலிருந்து கொடுக்க ஊரில் இரண்டு மூன்று பேர் போட்டி போட்டதாகக் கேள்வி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மாலை, தேங்காய் பழம் வைத்துக்கொண்டு தர்மகர்த்தா முன்னால் நடந்தார். யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் நடந்தது, விரல் இடுக்கில் தழும்போடு, அந்தக் குடல் கழுவின பெண்.

தப்பு செட்டு இட்லிக்கடை வாசலில் வந்து நின்றது.

அக்கா கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். பின்னால் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"போன தடவையும் உங்க வீட்டுலேருந்துதான் வந்துச்சு" என்றார் தர்மகர்த்தா. "இந்தத் தடவையும் உங்க வீட்டுலேருந்துதான் வரணும்னு ஊர் கேக்குது. மறுக்கக் கூடாது."

அக்கா சுற்றிலும் பார்த்தார், கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார்.

"டாக்டரம்மா, இந்தக் கன்னுக்கு அடைப்பான் ஊசி போட்டாச்சுல்ல? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"என் கையாலதான் போட்டேன் அக்கா" என்றேன்.

அவர் உள்ளே போய் இட்லிப் பானையைத் திறந்தார். முதல் ஈடு. முதல் இட்லியை ஆற்றி, மாலை போட்ட கன்றின் வாயில் வைத்தார். அது நக்கிப் பார்த்துவிட்டு விழுங்கியது. தர்மகர்த்தா தாம்பாளத்தை யாரிடமோ கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்கு ரெண்டு வைம்மா" என்றார். அவருக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்தாள். அப்புறம் பெஞ்சில் இடம் இல்லை. நின்றுகொண்டு சாப்பிட்டார்கள், தெருவில் வரிசை நீண்டது, சட்னி தீர்ந்து மறுபடி அரைத்தார்கள்.

நான் மரியாதைக்காக ஒதுங்கி நின்று கடைசியில் தட்டை நீட்டினேன்.

"தீந்துபோச்சுங்களே, டாக்டரம்மா" என்றார் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஒண்ணுகூட இல்லை."

மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான். விடியற்காலையில் எழுந்து, வெறும் வயிற்றோடு அவ்வளவு தூரம் போயிருந்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு துளிக் கோபம்கூட வரவில்லை.